ரவுட்டருக்குப் பின்னால் ஒரு வெப் சர்வர்: பாக்கெட் எங்கே நிற்கிறது?

வீட்டில் சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியிலோ பழைய லேப்டாப்பிலோ வெப் சர்வர் ஏற்றுவது அரை மணி நேர வேலை. டெபியன் லினக்ஸ் போட்டு, என்ஜின்எக்ஸ் அல்லது கேடி என்ற வெப் சர்வர் மென்பொருளை நிறுவினால் வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா போனிலும் பக்கம் திறக்கும். வெளியிலிருந்து திறக்காது. அதைத் திறக்க வைப்பதுதான் உண்மையான வேலை.

இந்த இடத்தில் பலரும் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் ஃபைலையே திரும்பத் திரும்ப நோண்டுகிறார்கள். கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். வெளியிலிருந்து வரும் பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் பயணிக்கும் தரவுத் துண்டு, இணைய நிறுவனத்தின் நெட்வொர்க், ஃபைபர் பாக்ஸ், ரவுட்டர், சர்வரின் ஃபயர்வால் (எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் காவல்) என நான்கு வாசல்களைத் தாண்டி வர வேண்டும். எந்த வாசலில் நிற்கிறது என்று வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வேன் ஐபி என்று காட்டும். அதைக் குறித்துக்கொண்டு, ‘என் ஐபி என்ன’ என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் நல்ல செய்தி. வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் என்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறைக்கு நாட் என்று பெயர்; அதை நிறுவனமே செய்வது சிஜிநாட். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதிதான் அந்த எண்கள். சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் முகவரியையும் இதே வேலைக்குப் பயன்படுத்துகின்றன. சிஜிநாட்டில் இருந்தால் வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் விதி (இந்த எண்ணிட்ட கதவுக்கு, அதாவது போர்ட்டுக்கு, வருவதை இந்தக் கருவிக்கு அனுப்பு என்ற கட்டளை) எழுதினாலும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரவுட்டரை எட்டவே எட்டாது. நிறுவனத்தின் பெட்டியிலேயே நின்றுவிடும். 4ஜி, 5ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இதே நிலைதான்.

சிஜிநாட்டைத் தாண்ட மூன்று வழிகள். நிறுவனத்திடம் கேட்டு ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, வாங்குவது முதலாவது. மாதக் கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் எல்லாத் தலைவலியும் தீரும். இரண்டாவது, டன்னல். சர்வரே வெளியே ஒரு இணைப்பை ஏற்படுத்தி அதைத் திறந்தே வைத்திருக்கும். வருகிறவர்கள் அந்த இணைப்பின் வழியே திரும்பி உள்ளே வருவார்கள். க்ளவுட்ஃப்ளேர் டன்னல் இப்படித்தான் வேலை செய்கிறது. ரவுட்டரில் எதையும் தொட வேண்டாம். ஆனால் என்க்ரிப்ஷன் அவர்களுடைய சர்வரில் அவிழ்ந்துதான் வருகிறது. பொதுவில் வைக்கும் வலைப்பதிவுக்கு இது பிரச்சினையே இல்லை. குடும்பப் படங்கள் வைக்கும் சர்வர் என்றால், ஒரு சிறிய விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் வீட்டோடு இணைத்து, 443 போர்ட்டுக்கு (ஹெச்டிடிபிஎஸ் வரும் போர்ட்) வருவதை அவிழ்க்காமல் அப்படியே வீட்டுக்குத் திருப்பிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அதில் வீட்டுப் பக்கத்தில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் சிறு பாக்கெட்டின் இடைவெளி) மதிப்பை 25 வினாடி என்று வைக்க மறக்காதீர்கள். வயர்கார்டு பயன்படுத்தும் யூடிபி வகை இணைப்பு அமைதியாக இருந்தால் அதைச் சில நாட் பெட்டிகள் 30 வினாடியிலேயே மறந்துவிடும். மறந்தபின் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

மூன்றாவது வழி ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. இதில் நாட் கிடையாது, சர்வருக்கே நேரடியாகப் பொது முகவரி இருக்கும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த முகவரிக்கு 443-ஐத் திறந்தால் போதும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். லினக்ஸ் பல சமயம் தற்காலிக முகவரி ஒன்றையும் நிலையான முகவரி ஒன்றையும் சேர்த்தே வைத்திருக்கும். டொமைன் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் போட வேண்டியது நிலையானது. இணைப்பு அறுந்து மறுபடி வரும்போது முகவரியின் முன்பாதி மாறக்கூடும் என்பதால், புதிய முகவரியை டிஎன்எஸ்ஸில் எழுதும் டைனமிக் டிஎன்எஸ் புதுப்பிப்பை ரவுட்டரில் வைக்காமல் சர்வரிலேயே ஓடவிட வேண்டும். ஐபிவி4 மட்டும் உள்ள அலுவலக நெட்வொர்க்குகளில் இருந்து வருபவர்களுக்குத் தளம் தெரியாது. அதனால் ஐபிவி6-ஐ மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

பொது ஐபி இருக்கிறது, ஆனாலும் ரவுட்டரின் வேன் ஐபி 192.168 என்று தொடங்குகிறதா? அது இரட்டை நாட். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பாக்ஸே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் கடையில் வாங்கிய வைஃபை ரவுட்டரைச் செருகியிருக்கிறீர்கள். ஃபைபர் பாக்ஸை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லலாம். அதற்கு அவர்கள் ஒத்துவராவிட்டால் உங்கள் ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, ஃபார்வர்டிங்கை ஃபைபர் பாக்ஸிலேயே எழுதுங்கள்.

அடுத்தது, சர்வருக்கு மாறாத உள்முகவரி. சர்வரிலேயே ஐபியைக் கையால் எழுதுவதைவிட ரவுட்டரில் கருவிகளுக்கு ஐபி வழங்கும் டிஹெச்சிபி பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் செய்வது நல்லது. முகவரி மோதல் வராது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ரவுட்டர் கருவியை அடையாளம் காண்பது மேக் முகவரி என்ற வன்பொருள் எண்ணால்; ஈத்தர்நெட்டுக்கு ஒன்று, வைஃபைக்கு இன்னொன்று. வைஃபையில் இருக்கும்போது ரிசர்வ் செய்துவிட்டு பிறகு கேபிளைச் செருகினால் சர்வர் வேறு ஐபியில் போய் உட்காரும், ஃபார்வர்டிங் விதி காலி முகவரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஃபார்வர்டிங் பக்கத்துக்குச் சில ரவுட்டர்களில் விர்ச்சுவல் சர்வர் என்று பெயர். வெளி போர்ட் 80, உள் போர்ட் 80, நெறிமுறை டிசிபி, சர்வரின் ஐபி. 443-க்கும் அதேபோல் ஒரு விதி. அவ்வளவுதான். பக்கத்திலேயே டிஎம்இசட் என்று ஒரு வசதி கவர்ச்சியாக இருக்கும். அது எல்லா போர்ட்டையும் சர்வருக்குத் திறந்துவிடும். அதைத் தொடாதீர்கள். யூபிஎன்பி-யையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் உள்ள எந்தக் கருவியும் கேட்காமலே போர்ட் திறக்க அது அனுமதிக்கிறது.

இனி சோதனை. இதை வீட்டு வைஃபையிலிருந்து செய்யக் கூடாது. உள்ளிருந்து கிளம்பி வெளிமுகவரிக்குப் போய் உள்ளேயே திரும்பும் பாக்கெட்டைக் கையாளப் பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. உங்கள் டொமைனைத் திறந்தால் உங்கள் தளத்துக்குப் பதிலாக ரவுட்டரின் லாகின் பக்கமே வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெளியே சரியாகவே இருக்கலாம். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். உள்ளேயும் டொமைன் பெயரிலேயே திறக்க வேண்டும் என்றால் வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்முகவரியைக் கொடுத்துவிடலாம்.

மொபைல் டேட்டாவிலும் திறக்கவில்லை என்றால் சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டு, 443 போர்ட்டுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே போனில் பக்கத்தைத் திறங்கள். இந்த ஒரு சோதனை மணிக்கணக்கான ஊகத்தை மிச்சப்படுத்தும். திரையில் ஒரு வரிகூட வரவில்லையா? பாக்கெட் ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ நிற்கிறது. சர்வரைத் தொடாதீர்கள். போனின் முகவரியிலிருந்து சின் பாக்கெட் (இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் பாக்கெட்) ஒரு வினாடி, இரண்டு வினாடி, நான்கு வினாடி இடைவெளியில் வந்துகொண்டே இருந்து, சர்வர் பதிலே அனுப்பவில்லையா? சர்வரின் ஃபயர்வால் விழுங்குகிறது. பதில் போகிறது, ஆனால் இரு பக்கமும் இணைப்பை உறுதி செய்யும் கைகுலுக்கல் முடியவில்லை என்றால் பதில் வேறு வழியாக வெளியேறுகிறது. சர்வரில் கேபிளும் வைஃபையும் இரு வேறு ரவுட்டர்களில் இணைந்திருந்தாலோ விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ இப்படி ஆகும். உடனடியாக ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால் அது ஓரளவு நல்ல அறிகுறி: பாக்கெட் சர்வர் வரை வந்துவிட்டது, அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. வெப் சர்வர் அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் போதும். அதன் வழக்கமான சரிபார்ப்பு 80 போர்ட் வழியாகத்தான் வரும், அதனால் 80-ஐ மூடி வைத்துவிட்டுச் சான்றிதழ் வரவில்லையே என்று தேடாதீர்கள். நிறுவனம் 80-ஐ அடைத்திருந்தால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறுங்கள். சரிபார்ப்பு ஒரே நேரத்தில் உலகின் பல இடங்களிலிருந்து நடக்கும். இந்திய ஐபிக்களை மட்டும் அனுமதிக்கும் ஃபயர்வால் விதி போட்டிருந்தால் அதுவும் தோற்கும். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால் அதற்குமேல் முயற்சி செய்ய விடமாட்டார்கள். எனவே முதலில் அவர்களுடைய ஸ்டேஜிங் (சோதனை) சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டு அசலுக்குப் போங்கள். சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். முன்பு காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் வரும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். தானியங்கிப் புதுப்பிப்பு உண்மையிலேயே ஓடுகிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்வரை முடிந்தவரை கேபிளில் வையுங்கள். வைஃபையில்தான் வைக்க முடியும் என்றால் ராஸ்பெரி பையின் வைஃபை பவர் சேவ் வசதியை அணையுங்கள். ‘காலையில் முதல் தடவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது’ என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். கெஸ்ட் நெட்வொர்க்கில் சர்வரை இணைக்காதீர்கள், அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரில் ஓட்டினால் வோல்டேஜ் தாழ்ந்து எஸ்டி கார்டு எழுதும்போது கோப்புகள் கெடும். டேட்டாபேஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் எஸ்டி கார்டை விட்டு யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மணிக்கணக்கில் மின்சாரம் நிறுத்தப்படும் ஊரில் இருப்பவர்களுக்கு: பை, ரவுட்டர், ஃபைபர் பாக்ஸ் மூன்றுமாக 20 வாட் என்று வைத்துக்கொண்டால் 5 மணி நேரத்துக்கு 100 வாட்-மணி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடிப்பொழுதில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனால், இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் ஒரே இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள்; சர்வர் மட்டும் உயிரோடு இருந்து ஃபைபர் பாக்ஸ் செத்துக் கிடந்தால் பயனில்லை. பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது என்பதால், கரன்ட் வந்து இன்டர்நெட் வரும் வரை அதன் நேரம் பின்தங்கியே இருக்கும். டன்னலும் சான்றிதழ்ப் புதுப்பிப்பும் நேரம் சரியானபின் தொடங்கும்படி, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் சொல்லி வையுங்கள்.

டொமைன் பெயர் உயிர்பெற்ற சில மணி நேரத்திலேயே சர்வரின் லாகில் பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) வரிசைகட்டும். நீங்கள் வேர்ட்பிரஸ் வைத்திருக்கவே மாட்டீர்கள், ஆனால் அதன் லாகின் பக்கத்தைத் தேடி ஆயிரம் கோரிக்கைகள் வரும். புதிய சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறுவதால் உங்கள் பெயர் அவர்களுக்கு உடனே கிடைத்துவிடுகிறது. எல்லாமே 404 (பக்கம் இல்லை) என்று போனால் கவலை இல்லை. தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் போர்ட்டை வெளியே திறக்காதீர்கள். தேவைப்பட்டால் வயர்கார்டு வழியாக உள்ளே வாருங்கள், பாஸ்வேர்டு லாகினை அணைத்து சாவியை மட்டும் வையுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறும்படி டெபியனில் அமைத்துவிடுங்கள். ரவுட்டரின் ஃபார்வர்டிங், ரிசர்வேஷன் பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிறுவனத்து ஆள் வந்து ஃபைபர் பாக்ஸை ரீசெட் செய்துவிட்டுப் போனால் எல்லா விதிகளும் அழிந்துவிடும். படம் இருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி எழுதிவிடலாம்.