இடது முன்மூலை

பிப்ரவரி 4

காலையில் பார்த்தால் கார் இடது முன்மூலையில் படுத்துக் கிடக்கிறது. அந்தப் பக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. வலது பக்கம் உள்ளங்கையே போகிறது. இந்த வண்டி ஸ்பிரிங்கில் இல்லை, காற்றுப்பைகளின் மேல் நிற்கிறது. என்ஜினை இயக்கியதும் அவற்றுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் உறுமியது. வண்டி மெல்ல எழுந்து சமமாக நின்றது. 19-ஆம் தேதி அம்மாவுடன் பயணம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரி 5

இரவு சமதளத்தில் நிறுத்திவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன்: 378 மி.மீ. காலையில் 341. மற்ற மூலைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அப்படியானால் கசிவு இந்த ஒரு காற்றுப்பையில், அல்லது அதற்குப் போகும் குழாயில். பைகளுக்குக் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கையும் ஒதுக்கிவிட முடியாது.

பிப்ரவரி 6

336.

பிப்ரவரி 7

பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைத் தொங்கவிடவே இல்லை. "எடை ஏறினால்தான் மடிப்பிலிருக்கிற விரிசல் வாயைத் திறக்கும் தம்பி" என்றார். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பி, தூசி உறையைக் கீழே இழுத்து, சோப்பு நீரைத் தூரிகையால் தடவினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, ரப்பர் உள்நோக்கி மடிந்து உருளும் கீழ்மடிப்பில் கடுகளவு குமிழ்கள் வரிசையாக முளைத்தன. டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்பைச் சுற்றிலும் நரை மயிர்போல் மெல்லிய விரிசல்கள். ஓடிய தூரத்தைவிட வயதுதான் ரப்பரைக் கொல்கிறது. வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் அது காய்ந்துபோகும்.

எனக்கு இப்போது பயம் பையைப் பற்றியது அல்ல, கம்ப்ரசரைப் பற்றியது. அது இடைவிடாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்ட கருவி இல்லை. ஒரு மூலை கசிந்தால் அந்த மூலையைத் தூக்கித் தூக்கியே அதன் மோட்டார் சூடேறிக் கருகும். கம்ப்ரசருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் வண்டியைப் பூட்டிய பிறகும் ஓடி, பேட்டரியையும் காலி செய்துவிடும். ஒரு ரப்பரை இன்று மாற்றாதவன் மூன்று பொருள்களுக்குப் பணம் கட்டுவான். ரிலேயையும் சேர்த்து மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். அதன் விலை ஒரு பொருட்டே இல்லை.

பிப்ரவரி 9

மதிப்பீடு வந்தது. மூன்று முறை படித்தேன்.

இந்த வண்டியில் காற்றுப்பை தனியாக வராது. ஷாக் அப்சார்பரோடு ஒரே உருப்படியாக வருகிறது. அந்த ஷாக்குக்குள் மின்னால் இயங்கும் வால்வு. ஆகவே ஒரு ரப்பர் வெடித்தாலும் முழு உருப்படிக்கும் விலை கொடுக்க வேண்டும். பழைய வண்டி வாங்குபவர்களிடம் யாரும் உரக்கச் சொல்லாத கணக்கு இதுதான்: வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிகிறது, உதிரிபாகத்தின் விலை சரிவதில்லை. புதிதாக விற்றபோது அது எந்தத் தட்டில் இருந்ததோ, அதே தட்டின் விலைதான் இன்றைக்கும். பாதிக்கும் கீழே விலை இறங்கிய வண்டி, முழு விலைக்காரனின் பில்லைக் கேட்கிறது. வாங்கும்போதே பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்க முடியாதவர்கள் இந்த வண்டிகளைத் தொடவே கூடாது. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

வழிகள் மூன்று. அசல் புதியது. அசலுக்கு இணையாக வேறு நிறுவனம் செய்வது. பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் மாற்றிச் சீரமைத்தது. மூன்றாவதில் பழைய வால்வுதான் உள்ளே இருக்கும் என்பது உறுத்துகிறது. அம்மாவின் முதுகை நினைத்தால் இதில் சிக்கனம் பார்க்க மனம் வரவில்லை. இரண்டாவதைச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 10

அம்மா 19-ஆம் தேதியைப் பற்றிக் கேட்டார். இந்த வண்டியில்தான் போகிறோம் என்றேன்.

பிப்ரவரி 12

சிக்னலில் நிற்கும்போது எரிந்த எண்ணெய் நாற்றம். வால்வு கவர் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல்மூடியை அடைக்கும் ரப்பர். வெப்பத்தில் ரப்பர் கல்லாக இறுகி, எண்ணெய் வழிந்து, சூடான எக்ஸாஸ்ட்டில் சொட்டுகிறது. ஸ்பார்க் பிளக் குழிக்குள் இறங்கினால் இக்னிஷன் காயிலும் போகும், என்ஜின் குலுங்கும். கேஸ்கெட் மலிவு. அதை எட்டுவதற்குக் கழற்ற வேண்டியவற்றின் கூலிதான் பில்லை நிரப்புகிறது. அதனால் கவரைத் திறக்கும் அன்றே பிளக்குகளையும் மாற்றிவிட வேண்டும். ஒரே கூலியில் இரண்டு வேலை.

19-க்குப் பிறகு.

இன்று காலை 322.

பிப்ரவரி 13

தூக்கம் இல்லை. குளிர்ந்த என்ஜினை இயக்கியபோது ஓரிரு விநாடி ஒரு சலசலப்பு கேட்டது, அல்லது கேட்டதாக நினைக்கிறேன். என்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில்தான் இறுகும். அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து கிடக்கும். செயினுக்கு வழிகாட்டும் தண்டவாளங்கள் பிளாஸ்டிக். அவை உடைந்தால்? இந்த என்ஜினில் செயின் பின்பக்கம் இருக்கிறது. என்ஜினையே வெளியில் எடுக்க வேண்டும். அந்தக் கூலியை நினைத்துக்கொண்டே விடியும்வரை கிடந்தேன்.

பிப்ரவரி 14

போனெட்டைத் திறந்துவைத்து, ஒலியைப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினேன். "செயின் இல்லை. வெப்பத் தகடு தளர்ந்திருக்கிறது. ஒரு கிளாம்ப் போதும்" என்று பதில். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு அழகான வண்டி இது. கதவு மூடும் ஓசைக்காகவே இன்னொரு முறை திறந்து மூடினேன்.

பிப்ரவரி 16

பார்சல் வந்தது. பிரித்தால் சாதாரண ஷாக். மின்வால்வுக்கான இணைப்பே இல்லை. கடைக்காரர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் சேசிஸ் எண்ணைத் தெளிவாகக் கொடுத்திருந்தேன். அதை வைத்துப் பாகத்தின் எண்ணைச் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஐந்து நிமிடம்! கடையில் கத்திவிட்டு வந்தேன். நாளை மாலை சரியானது வரும் என்கிறார்கள்.

பிப்ரவரி 17

வந்தது. எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன்.

பொருத்தும்போது பக்கத்திலேயே நின்றேன். போல்ட்டுகளை முடுக்கியதும் பையன் ஜாக்கை இறக்கப் போனான். அண்ணன் அவன் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார். காற்றில்லாத பையின் மேல் வண்டியின் எடை இறங்கினால் புது ரப்பர் கோணலாக மடிந்து அங்கேயே கெட்டுப்போகும். ஸ்கேனரைச் செருகி, பையில் காற்று நிரப்பி, அது உருண்டு திரண்ட பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. பிறகு நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லிக்கொடுத்தார். கம்ப்ரசர் பிழைத்திருக்கிறது.

பிப்ரவரி 18

காலை 378. கழுவித் துடைத்து, பின்சீட்டில் தலையணையும் போர்வையும் வைத்தேன். அம்மாவுக்குப் போன் செய்து காலை ஏழு மணிக்குத் தயாராக இருக்கச் சொன்னேன்.

இரவு 10 மணி. கூலன்ட் விளக்கு எரிகிறது. டேங்க் சூடாக இருக்கிறது, மூடியை இப்போது திறக்க முடியாது. பக்கவாட்டுத் தையலில் வெள்ளையாகக் காய்ந்த கோடு. விரலால் தடவினால் ஈரம். பழைய பிளாஸ்டிக். அண்ணன் போனை எடுக்கவில்லை. மீண்டும் அடிக்கிறேன்