எஞ்சின் வரைந்த சிறுவனின் ஊர்

ஜப்பானின் ஷின்-யமகுச்சி நிலையத்தில் நீராவி எஞ்சின் இழுக்கும் சுற்றுலா ரயிலில் ஏறினால், மலைகளைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் சுவானோ வந்துவிடும். ஷிமானே மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலிருக்கும் இச்சிற்றூருக்கு வருகிறவர்களில் பலர், தோனோமாச்சித் தெருவோரக் கால்வாயில் நீந்தும் கெண்டை மீன்களைப் படமெடுக்க வருகிறார்கள். நான் வந்தது, 1931-இல் இங்கே பிறந்த அனிமேட்டர் யாசுவோ ஓட்சுகாவுக்காக.

நிலையத்துக்கு வெளியே டி51 194 என்ற எண்ணுடன் கரிய எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால், பக்கத்துக்கு நான்காக உள்ள பெரிய சக்கரங்களை ஒரு இரும்புத் தண்டு பிணைத்திருப்பதும், நீராவியின் விசை எந்த மூட்டு வழியாக அவற்றுக்குப் போகிறது என்பதும் கண்ணுக்குப் புலப்படும். பள்ளிப் பருவத்தை யமகுச்சியில் கழித்த ஓட்சுகா, இத்தகைய எஞ்சின்களையும், போருக்குப் பின் வந்த அமெரிக்கப் படையின் ஜீப்புகளையும் நேரில் பார்த்துப் பார்த்து வரைந்தவர். அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதற்கும் அந்தப் பழக்கமே அடித்தளம் என்பது என் கணிப்பு.

டோக்கியோவில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் பார்த்துவந்த அரசு வேலையை உதறிவிட்டு (வீட்டில் என்ன சொன்னார்களோ!), தோயெய் என்ற அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்து, 1958-இல் வெளியான ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படத்தில் பணியாற்றினார். பத்தாண்டுகள் கழித்து வந்த ‘ஹோருஸ்’ படத்துக்கு, வரைபவர்களின் வேலையை மேற்பார்வையிடும் அனிமேஷன் இயக்குநராக அவரை அழைத்தபோது, படத்தை உடன் பணியாற்றிய இசாவோ தகாஹாதாதான் இயக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தகாஹாதா இயக்கிய முதல் திரைப்படம் அதுவே.

ஆயினும் ஓட்சுகாவின் கைவண்ணம் எனக்குத் தெளிவாகத் தெரிவது 1971-இல் தொலைக்காட்சிக்கு வந்த முதல் ‘லுப்பின்’ தொடரில்தான். ஏதோ ஒரு கார், ஏதோ ஒரு துப்பாக்கி என்று வரைந்து தள்ளாமல், கள்வன் லுப்பினுக்கு மெர்சிடிஸ் எஸ்எஸ்கே காரும் வால்தர் பி38 கைத்துப்பாக்கியும் கொடுத்து, அவற்றின் உறுப்புகள் பிசகாமல் வரைந்தார்கள். பின்னர் லுப்பின் ஓட்டிய ஃபியட் 500, ஓட்சுகாவே சொந்தமாக வைத்திருந்த காரின் மாதிரி. அதே கார் 1979-இல் ஹயாவோ மியாசாகி இயக்கிய லுப்பின் திரைப்படமான ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’யில் செங்குத்தான மலைச்சரிவில் ஏறுகிறது. எந்தக் காராலும் இயலாத காரியம். ஆனால் திருப்பத்தில் சாய்ந்து, குழியில் அமுங்கி, எடையுள்ள வண்டியாகவே அது அதுவரை ஓடியிருப்பதால் நாம் மறுப்பின்றி நம்பிவிடுகிறோம். டெலிகாம் என்ற அனிமேஷன் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டே அந்தப் படத்தின் அனிமேஷனையும் ஓட்சுகா மேற்பார்வையிட்டார்.