ஒரே ஒரு எச்.பி. உள்ள பேய்

போகிமான் என்ற விசித்திர உயிர்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு இறக்கும் வீடியோ ஆட்டங்களில் பேய்களுக்குப் பஞ்சமே இல்லை. கெங்கர் இருட்டில் பல்லைக் காட்டிச் சிரிக்கும். யாமாஸ்க், தான் மனிதனாக இருந்தபோது இருந்த முகத்தையே முகமூடியாகத் தூக்கிக்கொண்டு அலையும். சில சமயம் அதைப் பார்த்து அழவும் செய்யும். ஃபேன்டம்ப், காட்டில் வழி தவறிச் செத்துப்போன குழந்தையின் ஆவி புகுந்த மரக்கட்டை. டிரிஃப்லூன் குழந்தைகளின் கையைப் பிடித்து இழுத்துப் போகப் பார்க்கும் பலூன். எல்லாமே நல்ல கதைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பயமெல்லாம் போகிடெக்ஸில், அதாவது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் போகிமான் அகராதியில், எழுதி வைத்த பயம். அந்த இரண்டு வரியைப் படிக்காமல் ஆடினால் ஃபேன்டம்ப் வெறும் சாதுவான கட்டை, அவ்வளவுதான்.

ஷெடின்ஜா என்ற பேய்ப் போகிமானை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வராது. அதைப் பேயாக்குவது அதன் கதை இல்லை, ஆட்டத்தின் விதிகள். போகிடெக்ஸ் பக்கமே போகாதவரையும் அது ஒரு தடவையாவது திடுக்கிட வைக்கும்.

ஜப்பானில் 2002இல் வந்த ரூபி, சஃபையர் ஆட்டங்களில்தான் இது முதலில் தலைகாட்டியது. எண் 292. வீட்டில் சஃபையர் என்னுடையது, ரூபி தம்பியுடையது. ரஸ்ட்போரோ நகரத்துக்குக் கிழக்கே ரூட் 116 புல்லில் நின்காடா கிடைக்கும். மண்ணுக்குள் வாழும் பூச்சி. பூச்சி டைப்பும் தரை டைப்பும் கலந்தது; எந்த அடி எதன் மேல் எவ்வளவு படும் என்பதை இந்த டைப்தான் முடிவு செய்யும். ஆரம்பத்தில் அதற்குத் தெரிந்தது ஸ்க்ராட்ச், ஹார்டன் என்ற இரண்டு மூவ்தான். கீறும், விறைத்துக்கொள்ளும். அதை வளர்க்கப் பொறுமை வேண்டும். நான் அதற்குக் குட்டி என்று பெயர் வைத்து, சண்டையில் முதலில் நிறுத்தி, உடனே வெளியே இழுத்துக்கொண்டு வேறொன்றை இறக்கி, பாதி அனுபவப் புள்ளிகளைப் பிச்சை போடுவதுபோல் ஊட்டி ஊட்டி லெவல் 20க்குக் கொண்டுவந்தேன்.

லெவல் 20இல் அது உருமாறி நின்ஜாஸ்க் ஆகிவிட்டது. இறக்கை முளைத்த பூச்சி, அடிப்படை வேகம் 160. ரூபி, சஃபையரில் அதைவிட வேகமானது எதுவும் கிடையாது. வழக்கமான வெளிச்சம், வழக்கமான இசை, வழக்கமான வாழ்த்துச் செய்தி. எனக்கு மகிழ்ச்சிதான். பார்ட்டியில், அதாவது கூடவே கொண்டுபோகும் குழுவில், ஐந்து போகிமான்தான் வைத்திருந்தேன், ஆறாவது இடம் காலி. கொஞ்ச நேரம் கழித்து மருந்து கொடுக்கப் பட்டியலைத் திறந்தால் ஆறாவது இடத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அதைப் பற்றி ஆட்டம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'புதிய போகிமான் சேர்ந்தது' என்று ஒரு வரி? இல்லை. ஒரு சத்தம்? அதுவும் இல்லை. குட்டி என்ற பெயர் நின்ஜாஸ்கோடு போய்விட்டது. இது ஷெடின்ஜா என்று பெரிய எழுத்தில் இனப் பெயரோடு மட்டும் இருந்தது. சரி, யாரோ எதையோ தவறுதலாகப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று விவரப் பக்கத்தைத் திறந்தேன். பயிற்சியாளர் பெயர் என்னுடையது. சுபாவமும் குட்டிக்கு இருந்த அதே சுபாவம். அப்புறம் எச்.பி., அதாவது உயிர்ப் புள்ளிகள், இருக்கும் இடத்தைப் பார்த்தேன். 1/1.

விஷயம் இதுதான். நின்காடா சட்டையை உரித்துவிட்டு நின்ஜாஸ்காகப் பறந்துபோகிறது. உரித்துப் போட்ட சட்டை, பார்ட்டியில் இடம் காலியாக இருந்தால், தானாக எழுந்து வந்துவிடுகிறது. இடம் இல்லையென்றால் வராது. அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாமல் ஆறு போகிமானோடு ஆடி முடித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அடுத்த தலைமுறை ஆட்டங்களிலிருந்து பையில் ஒரு போகி பாலும் (போகிமானைப் பிடித்து அடைக்கும் பந்து) மீதம் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அது வந்து உட்காரும்போது ஒரு பால் குறையும். எனக்கு அந்த மாற்றம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேய்க்கு எதற்குக் கணக்கு வழக்கு? பழைய விதியில் அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் துப்பே கிடையாது.

நிஜச் சில்வண்டு சட்டை உரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இளம்பூச்சி மண்ணுக்கு அடியில் வருடக்கணக்கில் வேரின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். சில இனங்கள் 13 வருடம், சில இனங்கள் 17 வருடம். அப்புறம் மேலே ஏறி மரப்பட்டையை இறுகப் பற்றிக்கொள்ளும். முதுகு நடுவில் வெடிக்கும். அந்தப் பிளவு வழியாகப் பூச்சி வெளியே வந்துவிடும். கூடு மட்டும் நகத்தால் மரத்தைப் பிடித்தபடி அப்படியே நிற்கும். கண்ணை மூடியிருந்த உறைகூடக் கூட்டிலேயே இருக்கும். பிளவுக்குள் உற்றுப் பார்த்தால் வெள்ளையாகச் சில நூல்கள் தொங்கும். அவை மூச்சுக்குழாய்களின் உள்ளுறை. பூச்சி உரிக்கும்போது அதையும் சேர்த்துத்தான் உரிக்கிறது. ஷெடின்ஜாவின் உருவம் அப்படியே இதுதான்: பழுப்பு நிறக் கூடு, முதுகில் பிளவு, தலைக்கு மேல் ஒரு வெள்ளை வளையம். வளையம் மட்டும்தான் கற்பனை. கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமான கற்பனை என்றும் சொல்வேன். அது இல்லாமலே புரிந்திருக்கும்.

என் சஃபையர் போகிடெக்ஸ் இதைப் பற்றி ஓரளவு நாகரிகமாகத்தான் பேசியது. நின்காடா மாறிய பிறகு யாரும் தேடாமலே ஒரு போகி பாலுக்குள் வந்து இருக்கும் விசித்திரம், அசையாது, மூச்சுகூட விடாது என்று. தம்பியின் ரூபியில் வேறு மாதிரி இருந்தது. அவனும் ஒன்றை வளர்த்துவிட்டு, கேம் பாயை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, இதைப் படி. முதுகு வழியா உள்ள எட்டிப் பார்த்தா ஆவியைத் திருடிடுமாம்."

"சும்மா எழுதியிருக்கான்டா."

"சரி, சண்டைக்கு இறக்கு. இப்ப நீ எதைப் பார்த்துட்டிருக்க?"

இறக்கினேன். போகிமான் சண்டைத் திரையில் எதிராளியின் போகிமான் நம்மைப் பார்த்து நிற்கும், நம்முடையது நமக்கு முதுகைக் காட்டி நிற்கும். எல்லாச் சண்டையிலும், ஆரம்பம் முதலே, அப்படித்தான். ஷெடின்ஜாவை வைத்து ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் அதன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இருட்டுப் பிளவு திரையின் இடது மூலையில், முகத்துக்கு நேராக. பார்க்காதே என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, பார்க்காமல் ஆடவே முடியாதபடி நிறுத்தியிருக்கிறார்கள். வேறு எந்த பேய் போகிமானுக்கும் இந்த வசதி கிடையாது. கெங்கரின் முதுகைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

அந்த ஒற்றை எச்.பி.க்கு வருகிறேன். லெவல் 100 ஆனாலும் அது ஒன்றுதான். எச்.பி.யை ஏற்றும் மருந்து கொடுத்தாலும் ஏறாது. பாதி உயிர், கால் உயிர் என்ற பேச்சே இல்லை. ஒன்று இருக்கும் அல்லது இருக்காது. அதற்கு ஈடாகக் கொடுத்திருப்பதுதான் வொண்டர் கார்டு என்ற திறன். அதன் பலவீன டைப்பில் வரும் அடி மட்டும்தான் படும். நெருப்பு, பறப்பு, பாறை, பேய், இருள் ஆகிய ஐந்து டைப்தான் அவை. மற்ற நேரடித் தாக்குதல் எதுவும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் மேல் படாது.

இதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது கயோகர் முன்னால்தான். சஃபையரில் கதையின் உச்சமே அது. கடலையே உண்டாக்கியதாகச் சொல்லப்படும் போகிமான், ஆதிக் குகையின் அடியில் லெவல் 45இல் காத்திருக்கும். அந்த லெவலில் அதன் நான்கு மூவ்: பாடி ஸ்லாம், காம் மைண்ட், ஐஸ் பீம், ஹைட்ரோ பம்ப். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாடி ஸ்லாம் நார்மல் டைப், பேயின் மேல் படாது. காம் மைண்ட் தன்னைத்தானே தேற்றிக்கொள்வது. ஐஸ் பீம் பனி, ஹைட்ரோ பம்ப் நீர். இரண்டும் அந்த ஐந்தில் இல்லை. என் வலுவான போகிமான் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுருண்ட பிறகு, வேறு வழியில்லாமல் ஷெடின்ஜாவை இறக்கினேன்.

கயோகர் வந்ததும் மழை பிடித்துக்கொள்ளும், அது நிற்காது. அந்த மழையில், திரையின் ஒரு பக்கம் அந்த மாபெரும் நீல உடம்பு, இந்தப் பக்கம் அசையாத ஒரு கூடு. ஹைட்ரோ பம்ப் வந்தது. திரை முழுக்கத் தண்ணீர். அப்புறம், ஷெடின்ஜா வொண்டர் கார்டால் தப்பியது என்று ஒரு வரி. ஐஸ் பீம். அதே வரி. கயோகர் காம் மைண்ட் போட்டுத் தன் பலத்தை ஏற்றிக்கொண்டது. இன்னும் பெரிதாக ஒரு ஹைட்ரோ பம்ப். அதே வரி. பக்கத்தில் எட்டிப் பார்த்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, லேசாகப் புல்லரித்தது. செத்துப்போனதை மறுபடி கொல்ல முடியாமல் ஒரு கடவுள் திணறுவதை வேறு எப்படிக் காட்டுவது?

கயோகரைப் பிடிக்க நான் ஒவ்வொரு பாலாக எறிந்துகொண்டிருந்தேன். இதற்கும் ஒரு கெடு உண்டு. மூவ் எல்லாம் தீர்ந்துபோனால் எந்தப் போகிமானும் ஸ்ட்ரகிள் என்று முட்டி மோத ஆரம்பிக்கும். அதற்கு டைப்பே இல்லாததால் வொண்டர் கார்டு தடுக்காது. அதற்குள் கயோகர் ஒரு அல்ட்ரா பாலில் அடங்கிவிட்டது.

இதைக் கேட்டு ஷெடின்ஜா வெல்லவே முடியாதது என்று நினைத்தால், தம்பியிடம் பேசிப் பாருங்கள். அவன் போட்டி ஆட்டக்காரன். "அது ஊதினாலே போயிடும்க்கா" என்பான், அவன் சொல்வதும் உண்மைதான். மணல் புயல் அடித்தால் அந்தச் சுற்றின் முடிவில் காலி. ஆலங்கட்டி மழையிலும் அதே கதி. விஷம் ஏறினால் போச்சு, தீப்புண் பட்டால் போச்சு, உயிரை உறிஞ்சும் லீச் சீட் விதை ஒட்டினால் போச்சு. குழம்பிப்போய்த் தன்னைத்தானே அடித்துக்கொண்டால் போச்சு. தரையில் ஸ்பைக்ஸ் என்ற முள் தூவியிருந்தால் உள்ளே வரும்போதே போச்சு. நான்காம் தலைமுறையில், உள்ளே வருவதன் மேல் பாறை பாயும் ஸ்டெல்த் ராக் வந்ததும் பாதிச் சண்டைகளில் அது பந்தைவிட்டு வெளியே வருவதே தற்கொலை ஆகிவிட்டது. கயோகரால் முடியாததை ஒரு சிட்டிகை விஷம் முடித்துவிடும். எமரால்டு ஆட்டத்தின் சாம்பியன் வாலஸை எடுத்துக்கொள்ளுங்கள்; அவருடைய கயாரடாஸால் இதைத் தொட முடியாது, ஆனால் அவருடைய மிலோட்டிக் டாக்ஸிக் என்ற விஷ மூவை வீசினால் கதை முடிந்தது.

பிற்பாடு கேடயங்கள் வந்தன. ஆறாம் தலைமுறையில் வந்த சேஃப்டி காகிள்ஸ் மணலிலிருந்து காக்கும். 2019இல் வந்த சோர்டு, ஷீல்டில் ஹெவி டியூட்டி பூட்ஸ் தரையில் கிடக்கும் முள்ளிலிருந்தும் பாறையிலிருந்தும் காக்கும். ஆனால் ஒரு போகிமான் ஒரு பொருளைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எந்தச் சாவுக்கு இன்று கதவடைப்பது, எந்தச் சாவை வருகிறபடி விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதனால்தான் நான் இதை விடாமல் வைத்து ஆடுகிறேன். மற்ற போகிமானோடு ஆடும்போது எதிராளியின் அடுத்த மூவை யோசிப்பேன். இதோடு ஆடும்போது அது எப்படியெல்லாம் சாகலாம் என்பதை மட்டும் யோசிப்பேன்.

சோர்டு, ஷீல்டில் டைனமாக்ஸ் என்று போகிமானை ராட்சச உருவத்துக்கு ஊதிவிடும் வசதி இருந்தது. எச்.பி.யும் கூடவே ஏறும். ஷெடின்ஜாவும் மலைபோல் வளர்ந்து நிற்கும், எச்.பி. மட்டும் அதே ஒன்று. அந்த விதியை எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

2022இல் வந்த ஸ்கார்லெட், வயலட்டில் ஷெடின்ஜா இல்லை. அந்த ஆட்டங்களில் போகிமானின் டைப்பையே மாற்றிக்கொள்ளலாம். தம்பி உடனே கணக்குப் போட்டான்: மின்சார டைப்பாக மாற்றினால் பலவீனம் தரை டைப் ஒன்றுதான்; கையில் ஏர் பலூன் கொடுத்துவிட்டால் தரை அடியும் படாது. பலூன் உடையவும் ஒரு அடி பட வேண்டும், படத்தான் வழியே இல்லையே. "அதான் வெளிய நிறுத்திட்டாங்க" என்பது அவன் தீர்ப்பு. இருக்கலாம். வெளியே நிறுத்தினாலும் எனக்கு வருத்தமில்லை. தடை போடட்டும், திறனைக் கொஞ்சம் திருத்தட்டும், எதையாவது செய்துகொள்ளட்டும். ஆட்டத்தைச் சமன் செய்கிறேன் என்று யாராவது அந்த எச்.பி.யை இரண்டாக்கினால் மட்டும் நான் சண்டைக்கு வருவேன்.