லேப்டாப்பே மானிட்டர், லேப்டாப்பே கீபோர்டு: விட மறுத்த ஆல்ட் கீ

ஒருவழியாக வேலை செய்கிறது. அலமாரி மேல் கிடக்கும் பழைய மினி பிசியின் பயாஸ் (ஓஎஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) என் லேப்டாப்பில் ஒரு விண்டோவாகத் தெரிகிறது. லேப்டாப் கீபோர்டில் எஃப்10 தட்டினால் அங்கே சேவ் ஆகி ரீஸ்டார்ட் ஆகிறது. எஸ்எஸ்எச், விஎன்சி மாதிரி நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினை இயக்கும் வசதிகள் எல்லாம் அந்தப் பக்கம் ஓஎஸ் எழுந்த பிறகுதானே? பூட்டே ஆகாமல் முரண்டு பிடிக்கிற மெஷினுக்கு அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான் என்பதால் வழக்கமான கூட்டணிதான்: படத்துக்கு எம்எஸ்2109 சிப் வைத்த கேப்சர் டாங்கிள் (எச்டிஎம்ஐ படத்தை யூஎஸ்பி வழியாக உள்ளே வாங்குவது), கீபோர்டுக்கு சிஎச்9329 என்கிற சிப். இதே இரண்டு சிப்பையும் ஒரே பெட்டிக்குள் வைத்துத்தான் ஓப்பன்டெர்ஃபேஸ் மினி கேவிஎம் என்கிற ரெடிமேட் கருவி வருகிறது. டாங்கிள் ஏற்கெனவே கையில் இருந்ததால் கீபோர்டு பக்கத்தை நானே கட்டிக்கொண்டேன்.

டாங்கிளைப் பற்றி ஒரு புலம்பல். அட்டையில் 4கே, யூஎஸ்பி 3.0 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். பிளக்கின் உள்ளே நீலப் பிளாஸ்டிக் வேறு. சொருகிப் பார்த்தால் நொடிக்கு 480 மெகாபிட் (60 மெகாபைட்), அதாவது சுத்தமான யூஎஸ்பி 2.0. முழு எச்டி படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 ஃப்ரேம் அனுப்ப 120 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். அந்தக் குழாயில் அதற்கு இடமே இல்லை. அதனால் சுருக்காத வடிவத்தில் 1080பி கேட்டால் 5 ஃப்ரேம்தான் தரும். எம்ஜேபெக் (ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக்காகச் சுருக்கும் வடிவம்) கேட்டால் 30 கிடைக்கும், ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மசமசவென்று இருக்கும். டெர்மினலைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. வீடியோ பிளேயராக எம்பிவியை, தாமதத்தைக் குறைக்கும் லோ லேட்டன்சி புரொஃபைலில் ஓட்டுங்கள். சும்மா ஓட்டினால் தட்டிய எழுத்து வந்து சேர்வதற்குள் அடுத்த வார்த்தையே முடிந்துவிடும்.

சரி, கீபோர்டு. சிஎச்9329 ஒரு பக்கம் சீரியலில் பைட்டுகளை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் சாதாரண யூஎஸ்பி கீபோர்டாக நிற்கும். லேப்டாப் பக்கம் யூஎஸ்பி சீரியல் அடாப்டர். இரண்டுக்கும் நடுவே டிஎக்ஸ் (அனுப்ப), ஆர்எக்ஸ் (வாங்க), கிரவுண்ட் மூன்று கம்பி மட்டும். 5 வோல்ட் கம்பியைச் சேர்க்காதீர்கள், சிப்புக்குக் கரண்ட் மினி பிசி பக்கமிருந்தே வந்துவிடும். ஒரு பாக்கெட் 14 பைட்: தலைப்பு, முகவரி, கட்டளை, நீளம், அப்புறம் கீபோர்டு ரிப்போர்ட் 8 பைட், கடைசியில் கூட்டுத்தொகை. பைதானில் அரை மணி நேர வேலை.

ஆனால் ஆல்ட் கீ உயிரை எடுத்துவிட்டது. லேப்டாப்பில் வேறு விண்டோவுக்குப் போக ஆல்ட்+டேப் அடிப்போம். ஆல்ட் அழுத்தியது என் ஸ்கிரிப்டுக்கு வரும், அது உடனே மினி பிசிக்கும் போய்விடும். டேப் அடித்ததும் ஃபோகஸ் வேறு விண்டோவுக்குத் தாவும். ஆல்டை விட்ட செய்தி அந்த விண்டோவுக்குத்தான் போகும், என் ஸ்கிரிப்டுக்கு வராது. மினி பிசியைப் பொறுத்தவரை ஆல்ட் இன்னும் அழுந்தியே இருக்கிறது. திரும்பி வந்து எஃப் தட்டினால் ஃபைல் மெனு திறக்கும். எஃப்4 தட்டினால் விண்டோவே மூடிக்கொள்ளும்.

ஃபோகஸ் போனதும் ரிப்போர்ட்டில் எட்டு பூஜ்யம் (எந்தக் கீயும் அழுந்தவில்லை என்று அர்த்தம்) அனுப்பினால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரியானது. ஆல்ட்+டேப் அடித்தே திரும்பி வரும்போது, ஃபோகஸ் கிடைக்கும் நேரத்தில் ஆல்ட் அழுந்தியிருக்கிறதே! என் ஸ்கிரிப்டின் விண்டோவைக் கவனிக்கும் டூல்கிட் அதைப் புது அழுத்தலாகக் கொடுக்க, அடுத்த நொடி விடுவதும் வர, மினி பிசிக்கு ஒரு தனி ஆல்ட் தட்டல் போய் மெனு பார் முழித்துக்கொள்கிறது.

கடைசியில் ஒன்று பிடிபட்டது. அந்த 8 பைட், நடந்த செயலைச் சொல்லுவதில்லை. இந்த நொடியில் எந்தெந்தக் கீ அழுந்தியிருக்கிறது என்கிற நிலையைச் சொல்லுகிறது. ஆகவே ஒவ்வொரு அழுத்தலையும் விடுதலையும் கடத்துவதை நிறுத்திவிட்டு, அழுந்திய கீகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அது மாறும்போதெல்லாம் முழு நிலையையும் அனுப்பினேன். கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் கீ ஆகியவற்றைத் தனியாக அனுப்புவதே இல்லை. வேறொரு கீ சேரும்வரை பிடித்து வைத்துக்கொள்கிறேன். தனி விண்டோஸ் கீக்கும் கன்ட்ரோல்+ஆல்ட்+டெலிட்டுக்கும் திரையோரம் பட்டன். ஸ்கிரிப்ட் செத்தாலும் போகிறபோக்கில் பூஜ்யத்தை அனுப்பிவிட்டுத்தான் சாகும். இல்லாவிட்டால் கடைசி நிலையையே சிப் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், அங்கே ஒரே எழுத்து வரிவரியாகப் பொழியும்.

பயாஸுக்குள் நுழைய இன்னொரு குறுக்குவழி. ரெசல்யூஷன் மாறும்போதெல்லாம் டாங்கிள் சுதாரிக்க நேரம் எடுக்கும், அதற்குள் லோகோ திரை ஓடிவிடும். படத்துக்குக் காத்திருக்காமல், பவர் போட்டதிலிருந்து எஃப்1 கீயை இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க ஒரு லூப் வைத்தேன். அதற்கப்புறம் ஒருமுறைகூடத் தவறவில்லை.

பேஸ்ட் வசதியும் சேர்த்தேன். 9600 பாட் சீரியல் வேகத்தில் நொடிக்கு முப்பது எழுத்துச் சொச்சம், அழுத்த ஒரு பாக்கெட், விட ஒரு பாக்கெட் என்பதால். நீளமான எஸ்எஸ்எச் சாவியை ஒட்டும்போது தூக்கம் வரும். 115200க்கு ஏற்றிவிடுவது உத்தமம். தமிழை ஒட்ட முடியுமா என்று கேட்பீர்கள், முடியாது. போவது கீ எண்தான், எழுத்து போவதில்லை. அந்தப் பக்கம் தமிழ்99 லேஅவுட் போட்டிருந்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய தட்டல்களைக் கணக்குப் போட்டு அனுப்பலாம். அதற்கான அட்டவணையைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன்.

மவுஸ் இன்னும் பாக்கி. அப்சல்யூட் முறையில் (திரையில் நிற்க வேண்டிய இடத்தையே சொல்வது) திரையைக் குறுக்கிலும் நெடுக்கிலும் தலா 4096 கட்டமாகப் பிரித்து அனுப்பினால் டெஸ்க்டாப்பில் துல்லியமாக நிற்கிறது, ஆனால் என் மெஷினின் பயாஸ் அதைச் சட்டையே செய்வதில்லை. எவ்வளவு நகர வேண்டும் என்று மட்டும் சொல்லும் ரிலேட்டிவ் முறையையும் எழுதி மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் இப்போது பவர் பட்டன் பக்கம் மனசு போய்விட்டது: முன்பலக பின்களுக்குக் குறுக்கே ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளியால் இயங்கும் குட்டி சுவிட்ச்) போட்டால் ஆன் செய்யக்கூட ஸ்டூல் போட்டு ஏற வேண்டாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள் சிஎச்9329 மாட்யூல் வாங்கினால், பின் ஏற்கெனவே சால்டர் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சின்ன போர்டில் சால்டர் செய்ய எனக்கு லென்ஸ் தேவைப்பட்டது.