ஐகானை எடுத்துட்டா என்ன?

"கோபுரம் ஏறினா மேப்ல நிலம் மட்டும் தெரியட்டும் ப்ரோ. ஐகானை எல்லாம் எடுத்துட்டா என்ன?"

வீடியோ கேம் தயாரிக்கிற எங்கள் ரிவ்யூ மீட்டிங்கில், ஆடும் இடங்களை வடிவமைக்கிற இளம் லெவல் டிசைனர் ஒருவர் கேட்டது இவ்வளவுதான். ஐகான் என்றால் எங்கே என்ன இருக்கிறது என்று மேப்பில் காட்டுகிற குறி. "எடுத்துட்டா நாம கட்டின முகாமை எல்லாம் யாருப்பா பார்ப்பாங்க?" என்று பதில் போனது. சிலர் சிரித்தார்கள், அடுத்த ஸ்லைடு வந்தது. அந்தப் பதிலில் தவறு இருப்பதாக அன்று தோன்றவில்லை. ஆனாலும் பெரிய பட்ஜெட் ஓப்பன் வேர்ல்டு கேம்கள் (பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றவிடுகிறவை) எல்லாம் ஒரே அச்சு என்று யாராவது அலுத்துக்கொண்டால் அந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது.

அச்சு தெரிந்ததுதான். 2007-ல் அசாசின்ஸ் க்ரீட் உயரமான கட்டடங்களில் ஏறவிட்டு மேப்பைத் திறந்தது. 2012-ல் வந்த ஃபார் க்ரை 3-ல் 18 ரேடியோ டவர், 34 அவுட்போஸ்ட், அதாவது எதிரி முகாம். டவரை இயக்கு, ஐகான் கொட்டும், ஒவ்வொன்றாகப் போய் அடி. கற்பனை வறட்சி என்று சொல்லிவிட்டுப் போகலாம். கட்டுகிற இடத்தில் இருந்து பார்த்தால் காரணம் வேறு.

ஒரு முகாமை எடுத்துக்கொள்வோம். முதலில் க்ரே பாக்ஸ்: வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கி வடிவம் பார்ப்பது. நுழைய மூன்று வழி: நேராக ஒன்று, பதுங்கிப் போக ஒன்று, மேலிருந்து குதிக்க ஒன்று. பத்துப் பன்னிரண்டு எதிரிகள், உயரத்தில் ஒரு ஸ்னைப்பர், இரண்டு அலாரம், வெடிக்கிற பீப்பாய், கூண்டில் ஒரு மிருகம். அதற்குப் பிறகுதான் தலைவலி. பாறையைக் கொஞ்சம் நகர்த்தினால் நேவ்மெஷில், அதாவது எதிரிகள் எங்கே நடக்கலாம் என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத வலையில், ஓட்டை விழும். காவலாளி சுவரைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான். ரோந்துப் பாதை கூண்டை ஒட்டிப் போனால், யாரையோ குறிவைத்த குண்டு கூண்டைத் திறந்துவிட, ஆட்டக்காரர் வாசலை எட்டுவதற்குள் புலியே முகாமைக் காலிசெய்திருக்கும். அலாரம் கேட்டு ஜீப்பில் வரவேண்டிய கூடுதல் ஆட்கள் கண்ணெதிரே வெறும் தரையிலிருந்து முளைப்பார்கள். இதையெல்லாம் ஒருமுறை அடக்கிவிட்டால், அதே எலும்புக்கூட்டில் இன்னும் முப்பது முகாம் கட்டலாம்.

அதைவிடப் பெரிய வசதி, ஒரு முகாம் இன்னொன்றை நம்பி நிற்பதில்லை. முதலில் வந்தாலும், கடைசியில் வந்தாலும், வராமலே போனாலும் கதை உடையாது. வெவ்வேறு ஊரில் இருக்கும் டீம்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் கட்டலாம். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் கேமுக்கு 21.2 கோடி டாலரும் ஐந்து ஆண்டும் ஆனது, உச்சத்தில் 300 பேர் வேலை செய்தார்கள் என்பது 2023-ல் ஓர் அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் வெளிப்பட்டது. (மறைக்க மார்க்கரில் கறுப்படித்த எண்கள் ஸ்கேனில் தெரிந்துவிட்டன.) அத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யவேண்டுமென்றால், துண்டு துண்டாக வெட்டித்தரக்கூடிய வேலை வேண்டும்.

வாதம் இங்கேயே முடிந்திருக்கும், நின்டென்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்டு என்று ஒரு கேம் இல்லாதிருந்தால். 2017-ல் வந்த அதிலும் 15 கோபுரம், 120 ஷ்ரைன் (சின்னச் சின்னப் புதிர்க் கோயில்கள்). அதுவும் துண்டு துண்டான வேலைதான். ஆனால் கோபுரம் ஏறினால் நிலத்தின் வடிவம் மட்டும்தான் விரியும்; எங்கே போகலாம் என்று ஆட்டக்காரரே தொலைநோக்கியில் பார்த்துக் குறி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இளம் டிசைனர் கேட்டது இதைத்தான்.

அதற்காக நின்டென்டோ ஐகானை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் தயாரிப்பாளர்கள் மாநாட்டில் அவர்கள் முக்கோணங்களைப் பற்றி விளக்கினார்கள். மேடு முக்கோணமாக இருந்தால் ஏறுவதா, சுற்றிப்போவதா என்று யோசிக்கத் தோன்றும். பின்னால் இருப்பது மறைந்திருந்து, நடக்க நடக்கத் தலைகாட்டும். ஐகானின் வேலையை அங்கே மலை செய்கிறது. தயாரிப்பின் கடைசி ஆண்டில் ஐகானை நகர்த்தலாம், மலையை நகர்த்த முடியாது.

வசனமும் அப்படித்தான். 2002-ல் மாரோவிண்ட் என்ற கேம் போகவேண்டிய வழியை எழுத்திலேயே சொன்னது. 2006-ல் அதற்கு அடுத்து வந்த ஓப்லிவியன் வசனங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தது; கூடவே காம்பஸில் குறியும் வந்தது. குரல் பதிந்தபின் குகையை நூறு மீட்டர் தள்ளிவைத்தால் குறி தானாக நகரும். 'ஆற்றுக்கு மேற்கே' என்று நடிகர் பேசியது நகராது. எத்தனை மொழியோ அத்தனை மொழியிலும் திரும்பப் பதியவேண்டும். 2018-ல் அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி குறி காட்டாமல் தேடவிடும் எக்ஸ்ப்ளோரேஷன் மோடு கொடுத்தபோது, இந்தப் பகுதியில், இதற்குத் தெற்கே என்று துப்புகளை எழுதித்தான் ஆகவேண்டியிருந்தது. அங்கேயும் பக்கத்தில் போனதும் கழுகைப் பறக்கவிட்டுத் தேடு என்றுதான் முடிந்தது.

ஆகவே 'இப்போ முடியாது' என்று சொல்லியிருந்தால் சரி. சொன்னது 'யாரு பார்ப்பாங்க' என்று. அதுதான் உறுத்துகிறது. ஓடும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்றால் 40 விநாடியில் 200 மீட்டர். இப்படி ஒரு கணக்குப் போட்டுத்தான் இடையிடையே ஏதாவது வைத்துக்கொண்டு போகிறோம். கணக்கு தப்பினால் ஆட்டக்காரருக்குச் சலிக்கவேண்டும், அது டெஸ்ட்டில் தெரியவேண்டும். ஆனால் திரை மூலையில் இருக்கும் மினிமேப்பில் கண்ணை வைத்து ஓடுகிறவருக்கு நிலமே தெரிவதில்லை. முகாமை முடித்தவர்கள் எத்தனை சதவீதம் என்ற எண் மட்டும் அழகாக வரும். மோசமாக வைத்த முகாமையும் ஐகான் காப்பாற்றிவிடுகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு அந்த ஐகான் உபகாரம்தான். ப்ளேடெஸ்ட்டில் அதை அணைத்தால் ஒரே குன்றைச் சுற்றிச் சுற்றி வந்து கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எல்டன் ரிங் என்ற கேமில் க்வெஸ்ட் பட்டியலே (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) கிடையாது, 2022-ல் மூன்று வாரத்துக்குள் 1.2 கோடி பிரதி விற்றதே என்பார்கள். அதிலும் கல்லறைச் சுரங்கங்கள் ஒன்றுபோல் ஒன்று. அதே பாஸ், அதாவது பெரிய எதிரி, இன்னொரு இடத்தில் திரும்ப வருகிறது. முன்கூட்டியே பட்டியல் போட்டுக் காட்டாததால் மன்னித்தார்களா, அடி வாங்கியதில் கவனிக்கவில்லையா?

சிக்கல் என்னவென்றால், இந்தக் கேள்வி எப்போதும் தாமதமாகத்தான் வரும். முதல் ஆண்டில் வழி தவற உலகமே இல்லை. க்ரே பாக்ஸில் எல்லா மலையும் ஒரே சாம்பல். வழி தவறும் அளவுக்கு உலகம் நிரம்பும்போது குரல் பதிவு முடிந்திருக்கும். ஒரே ஒரு பகுதியையாவது, தற்காலிகக் குரலோடு, ஐகான் இல்லாமல் முதலில் முழுசாகக் கட்டிப் பார்க்கலாம். செலவு அதிகம்தான், ஆனால் முடியாத காரியமில்லை. அதற்கு ஷெட்யூலில் நாலு மாசம் எங்கே இருக்கு என்று கேட்பார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்தால் நானும் அதையேதான் கேட்பேன்.