தம்பியின் இரண்டு எண்கள்

செப்டம்பர் 14, 2025, தக்கலை

தம்பிக்கு விசா வந்துவிட்டது. ஜெர்மனியில் முதுகலைப் படிப்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு கம்பளி உடையிலும் ஊறுகாயிலும்தான் போய் நிற்கிறது. எனக்கோ அவனுடைய கைப்பேசி எண்தான் கவலை. "அங்கே போனதும் புது சிம் வாங்கிக்கொள், இதைத் தூக்கிப் போடு" என்றார் மாமா. கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். கல்விக் கடன் தந்த வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. எண் போனால் ஓடிபி என்ற ஒருமுறைக் கடவுச்சொல் வராது. அது வராவிட்டால் தன் பணத்தைத் தானே தொட முடியாது.

சிம்மை என்னிடம் விட்டுப் போகலாம் என்று அத்தை யோசனை சொன்னார். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. யாரிடமும் சொல்லாதே என்று வங்கி எச்சரிக்கும் ஓடிபியை நான் தினமும் தொலைபேசியில் வாசித்துக்கொண்டிருப்பதா? அவன் எண் அவனோடுதான் போக வேண்டும்.

செப்டம்பர் 21

ரோமிங் வசதியை இங்கேயே இயக்கிவிட்டோம். வெளிநாட்டில் வரும் குறுஞ்செய்திக்குக் காசு இல்லை. அழைப்பை எடுத்தால்தான் பணம் கரையும். ஆகவே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, ஊர் எண்ணைச் செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 90 நாள் பயன்படுத்தாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டித்துவிடலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ரீசார்ஜ் என் பொறுப்பு.

*#06# அழுத்தினால் வரும், கைப்பேசியை அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண்களை, இரண்டு சிம்முக்கு இரண்டு, அம்மாவின் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். சிம் தட்டைத் திறக்கும் குட்டி ஊசியைப் பாஸ்போர்ட் உறையின் உட்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டினேன். தொலைந்தால் அந்த ஊரில் எந்தக் கடையில் போய் என்ன பெயர் சொல்லிக் கேட்பான்!

செப்டம்பர் 27

நேற்று திருவனந்தபுரத்தில் வழியனுப்பினோம். ஏத்தங்காய் உப்பேரி மட்டும் இரண்டு கிலோ. அம்மா அழவில்லை, அப்பாதான் அழுதார்.

அக்டோபர் 4

புது எண் வந்துவிட்டது, +49 என்று தொடங்குகிறது. பல்பொருள் அங்காடியிலேயே சிம் விற்கிறார்களாம். ஆனால் 2017 ஜூலை முதல் அடையாளம் சரிபார்க்காமல் ப்ரீபெய்ட் சிம்மை இயக்கித் தருவதில்லை. வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறான். பக்கத்தின் பளபளப்பு தெரிய வேண்டுமாம். பல்கலைக்கழகத்தில் எடுரோம் என்ற வைஃபை இருக்கிறது. அதே கணக்கை வைத்து வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இணையலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

யுபிஐ பற்றிக் கேட்டான். வெளிநாட்டு எண்ணோடு யுபிஐ இணைக்கலாம் என்று 2023 ஜனவரியில் அறிவித்த பத்து நாடுகளில் ஜெர்மனி இல்லை. அங்கேயும் ஊர் எண்தான் கை கொடுக்கிறது.

அக்டோபர் 15

நண்பகலில் அம்மாவுக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு. முகப்புப் படத்தில் காக்கிச் சட்டை. "உங்கள் மகன் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டிருக்கிறான், உடனே பணம் கட்டினால் விட்டுவிடுவோம்." பின்னால் ஒரு பையன் "அம்மா, அம்மா" என்று அழுகிற சத்தம். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவலைத் தள்ளி வைத்துவிட்டு, "பாட்டா வளர்த்த பசுவுக்கு என்ன பெயர் என்று அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. தம்பி கிளம்பும் முன் நாங்கள் பேசி வைத்திருந்த கேள்வி அது. என் அம்மாவை நினைத்தால் அத்தனை பெருமையாக இருக்கிறது.

சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். +49 என்று தொடங்கும் அழைப்பு என்பதற்காகவும் நம்பிவிடக் கூடாது, எண்ணைப் போலியாகக் காட்டவும் வழி இருக்கிறது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருக்க வேண்டும். தெருவில் நாலு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்.

அக்டோபர் 26

இன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை. வகுப்பு முடிந்து அவன் பேசுவதற்குள் இங்கே எட்டரை ஆகிவிடும். அம்மா சாப்பாட்டை அதற்குப் பிறகு தள்ளிவைத்துவிட்டார். உறவினர்கள் நினைத்தபோதெல்லாம் வீடியோவில் கூப்பிடுகிறார்கள். அவன் படிக்கப் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அத்தைக்குக் கோபம். இருக்கட்டும்.

நவம்பர் 1

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள், உள்ளூர் விடுமுறை. குளச்சலிலிருந்து தோழி தன் மகளோடு வந்திருந்தார். பெண் அடுத்த ஆண்டு அயர்லாந்து போகிறாள். அவள் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அப்பா பெயரில். அவரோ குவைத்தில் வேலை பார்க்கிறார். சிம் தொலைந்து மாற்று வாங்க வேண்டுமென்றால் அவருடைய அடையாள அட்டையும் அவரும் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அவர் ஊருக்கு வருகிறாராம். வந்ததும் முதல் வேலையாக எண்ணை மகள் பெயருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆதாரிலும் வங்கியிலும் இருப்பது அதே எண்தானா என்று பார்க்கத் திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.