அது என்னோடது இல்ல, சிஸ்டர்

அந்த அம்மா இப்படிச் சொன்னதும் "உங்களோடதுதாம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மலக்குடல் புற்றுநோய், நிரந்தர கொலஸ்டமி; அதாவது, மலம் இனி எப்போதும் வயிற்றில் போட்ட துளை வழியாக, அங்கே ஒட்டிய ஒரு பைக்குள்தான் வரும். ஆபரேஷன் முடிந்து 5-ஆம் நாள். அதுவரை நான் பை மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துப் பையின் மேல் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்போது சொன்னதுதான் அது.

நான் சொன்னது பொய் இல்லையே. ஸ்டோமா என்பது அவருடைய பெருங்குடலின் முனைதான், வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறது. உதட்டின் உள்பக்கம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை என்று எல்லாவற்றையும் அங்கேயே மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "உங்களுக்கு இது வேலை, சிஸ்டர்" என்றார். குரலில் கோபமே இல்லை.

நான் ஏன் அவசரப்பட்டேன் என்றால், பார்க்காமலே வீட்டுக்குப் போனவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். பை மாற்ற வீட்டில் ஒருவர் பழகிக்கொள்வார், அவர் வரும்வரை இவர் காத்துக்கிடப்பார். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டிய பை கனத்துப்போய், ஓரம் விட்டுக் கசியும். ஒரே ஒரு தடவை வெளியிடத்தில் கசிந்தால் போதும், அதற்கப்புறம் வாசல் தாண்ட மாட்டார்கள், பயத்தில் சாப்பாட்டைக்கூடக் குறைத்துவிடுவார்கள். இன்னும் 2 நாளில் டிஸ்சார்ஜ் என்னும்போது நான் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

ஆனால் அந்தத் தேதி ஃபைலில் இருந்த தேதி. சின்ன வயதிலேயே பழகி, ஆயுள் முழுக்க நினைத்தே பார்க்காத, மலத்தை அடக்கிக்கொள்ளும் ஒரு கட்டுப்பாடு ஒரே நாளில் கையைவிட்டுப் போயிருக்கிறது. ஸ்டோமாவுக்குச் சுருக்குத்தசை கிடையாது, மலம் எப்போது வரும் என்று அவரால் தீர்மானிக்க முடியாது. அப்படி ஒன்றை 5 நாளில் என்னுடையது என்று சொல்லச் சொன்னால் யாரால் முடியும்? "ஆமாம்மா, இப்ப அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அதையே சாக்காக வைத்து அவர் கடைசிவரை தொடாமலே இருந்திருந்தால்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் செய்தது சரி என்று தோன்றும், இரவில் மறுபடி தப்பு என்று தோன்றும்.

7 வாரம் கழித்து செக்கப்புக்கு வந்தார். அதற்குள் ஸ்டோமாவின் வீக்கம் வடிந்து சுருங்கியிருக்கும், அளவு புதிதாக எடுக்க வேண்டும். நான் கையுறையை எடுக்கப் போனதும் "நானே பண்றேன், சிஸ்டர்" என்றார். பழைய பையைத் தோல் இழுபடாமல் மெல்ல உரித்தார். சுற்றிலும் ஒரு புண் இல்லை, சிவப்பு இல்லை. நான் அளந்து சொன்னதைவிட 2 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வைத்துப் புதுப் பையின் ஒட்டும் தகட்டில் துளையை வெட்டி, அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடாக்கி, ஒரு விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, கச்சிதமாக ஒட்டினார்.

வெட்டும்போது கத்தரியைப் பார்த்தார். மற்ற நேரமெல்லாம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை குனிஞ்சு பாருங்கம்மா என்று தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை.

"எவ்வளவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"32, மா."

கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.